கைக்குழந்தைக்குக் காய்ச்சல்: தொற்று, சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூன்று நான்கு நாளில் தானே போய்விடும். மீதியுள்ள சிறு பங்கில்தான் ரத்தத்தில் பரவும் தொற்று, மூளைக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவை ஒளிந்திருக்கின்றன. இந்தப் பக்கத்தில் சிறுநீர்த் தொற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அது அடிக்கடி வருவது, எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது, அப்படியும் அடிக்கடி தவறவிடப்படுவது. தவறவிட்டால் சிறுநீரகத்தில் வடு விழலாம். உங்கள் குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ள இது உதவும்.

எத்தனை டிகிரிக்கு மேல் போனால் பயப்பட வேண்டும்?

முதலில் குழந்தையின் வயதைச் சொல்லுங்கள், டிகிரியை அப்புறம் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தை 103 டிகிரி காய்ச்சலோடு ஓடியாடி விளையாடினால் ஓர் இரவு பொறுத்துப் பார்க்கலாம். இருபது நாள் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், வந்துவிட்டால் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்து 28 நாளுக்குள் காய்ச்சல் என்றால் குழந்தை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அனுமதித்து, ரத்தம், சிறுநீர், பெரும்பாலும் முதுகுத்தண்டு நீர் ஆகியவற்றைப் பரிசோதித்து, ஊசி மூலம் ஆன்டிபயாடிக் தொடங்குவதுதான் முறை. இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் சற்று நெகிழ்வு உண்டு. ஆனால் அந்த நெகிழ்வை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், மருந்துக்கடைக்காரர் அல்ல.

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது போதாது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். அக்குளில் உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால், பச்சிளங்குழந்தைக்கு அக்குளில் 99.5 வந்தாலே இந்தியாவின் சிசு நல வழிகாட்டுதல் அதை எச்சரிக்கையாகக் கொள்கிறது. இன்னொன்று: இந்த வயதில் உடம்பு சில்லிட்டுப் போவதும் தொற்றின் அடையாளம். 95.9 டிகிரிக்குக் கீழே போனால் காய்ச்சலைவிட மோசமான செய்தியாக இருக்கலாம்.

ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சல் எதிர்பார்க்கக்கூடியதுதான். அது இரண்டு நாளைத் தாண்டினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

காய்ச்சலே இல்லை. ஆனால் குழந்தை சோர்ந்து கிடக்கிறது. இதற்கும் போக வேண்டுமா?

போக வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடல் எந்த உறுப்பில் கோளாறு என்று பிரித்துச் சொல்லாது. மூளைக்காய்ச்சலாக இருந்தாலும் சிறுநீரகத் தொற்றாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் காட்டும்: பால் குடிப்பது பாதியாகக் குறையும், தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் சரியாக விழிக்காது, அழுகை முனகலாக மாறும். அசையாமல் படுத்திருந்து தொட்டால் மட்டும் அசைவது, நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விடுவது, விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்குவது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் அதைக் கடுமையான பாக்டீரியா தொற்றாகவே கருதச் சொல்கிறது. உச்சிக்குழி புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். இந்த வயதில் கழுத்து விறைப்பு பெரும்பாலும் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் காமாலை இறங்காமல் இருப்பதும், எடை ஏறாமல் நிற்பதும் சில சமயம் சிறுநீர்த் தொற்றின் ஒரே அறிகுறியாக இருக்கும்.

வீட்டில் பாட்டி "பிள்ளை முகமே சரியில்லை" என்று சொன்னால் அதைத் தள்ளிவிடாதீர்கள். பல குழந்தை பெற்று வளர்த்தவரின் கண் முதல் எச்சரிக்கையைப் பெரும்பாலும் சரியாகவே பிடித்துவிடுகிறது. சிக்கல் அடுத்த அடியில்தான் வருகிறது. சீர் தட்டிவிட்டது, தோஷம், உரம் விழுந்துவிட்டது என்று பெயர் வைத்து, உரம் எடுக்கவும் மந்திரிக்கவும் போய் ஒரு பகலைத் தொலைத்துவிடுகிறார்கள். இந்த நோய்களில் ஒரு பகல் என்பது நீண்ட காலம்.

பல் முளைக்கிறது, அதனால்தான் காய்ச்சல் என்கிறார்களே?

பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், ஈறு வீங்கும், எரிச்சலாக இருக்கும், உடல் லேசாகக் கதகதக்கலாம். 100.4-ஐத் தாண்டிய காய்ச்சலைப் பல் கொண்டுவராது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை ஏதாவது ஒரு பல் எப்போதும் முளைத்துக்கொண்டுதான் இருக்கும் என்பதால், இந்தப் பதிலுக்கு எப்போதும் ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

சளி, இருமல், பேதி எதுவுமில்லை. டாக்டர் ஏன் முதலில் சிறுநீர் கேட்கிறார்?

அந்த "எதுவுமில்லை" என்பதுதான் காரணம். காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது. முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம். ஒரு வயதுக்குப் பிறகு பெண் குழந்தைகளுக்கு. பெரியவர்களுக்கு நீர்க்கடுப்பு, எரிச்சல் என்று சொல்லத் தெரியும். கைக்குழந்தைக்கு வெறும் காய்ச்சல், வாந்தி, சிணுங்கல் மட்டுமே. சிறுநீர் நாறுகிறதா என்று முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. நாறாத சிறுநீரிலும் கிருமி இருக்கும். தண்ணீர்ச் சத்து குறைந்தால் நல்ல சிறுநீரும் நாறும்.

பத்தில் எட்டுத் தடவை காரணம் ஈ.கோலை. குடலில் சாதுவாக வாழும் பாக்டீரியா, சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் வேறு குணம் காட்டுகிறது. இந்த வயதில் அது சிறுநீர்ப்பையோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போய்விடுவதுதான் வழக்கம். காய்ச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்று என்றாலே சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் சிகிச்சை செய்வார்கள்.

பிளாஸ்டிக் பையை ஒட்டிச் சிறுநீர் பிடித்தால் போதாதா? குழாய் விட வேண்டுமா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. பெற்றோரின் தயக்கம் நியாயமானது. ஆனால் பையின் கதையையும் கேளுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி ஒட்டிய பையில் சிறுநீர் சேர்வதற்குள் தோலில் உள்ள கிருமி, மலத்தின் கிருமி எல்லாம் அதில் கலந்துவிடும். அதைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் ஏதோ ஒரு கிருமி வளரும். இல்லாத நோய்க்குப் பத்து நாள் ஆன்டிபயாடிக், பிறகு ஸ்கேன்கள், பிறகு வருடக்கணக்கில் "இவனுக்குச் சின்ன வயசிலேயே கிட்னி பிரச்சினை" என்ற பட்டம் எல்லாம் அந்தப் பையிலிருந்து தொடங்கும். பைச் சிறுநீரால் ஒரே ஒரு பயன் உண்டு: அதன் சாதாரணப் பரிசோதனை முற்றிலும் சுத்தமாக இருந்தால் தொற்று இருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்லலாம். தொற்று உண்டு என்று சொல்ல அது உதவாது.

நம்பகமான வழிகள் மூன்று. கத்தீட்டர் எனப்படும் மெல்லிய குழாயைச் சில விநாடிகள் விட்டு எடுப்பது முதல் வழி. அடிவயிற்றில் ஊசி போட்டுச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுப்பது இரண்டாவது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மிகத் தூய்மையான மாதிரி அதுதான். மூன்றாவது, கழுவித் துடைத்துவிட்டு, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது பாதியில் சுத்தமான டப்பாவில் பிடிப்பது. உடனே மருந்து தொடங்க வேண்டிய அளவுக்கு மோசமாக இல்லாத குழந்தைக்கு மூன்றாவது வழியை முயன்று பார்க்கலாம். குளிர்ந்த உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்தால் குழந்தை சீக்கிரம் சிறுநீர் விடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்த குழந்தைகளின் எண்ணிக்கை அதனால் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. செலவில்லாத வித்தை, செய்து பார்க்கலாம்.

எடுத்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சென்னை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த மாதிரியில் கிருமி பெருகியிருக்கும். அந்த முடிவு குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது.

சிறுநீர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நுண்ணோக்கியின் ஒரு பார்வை வட்டத்தில் சீழ் அணுக்கள் ஐந்துக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் எந்தக் காய்ச்சலிலும் சில அணுக்கள் கூடலாம். அது மட்டுமே நோயை உறுதி செய்யாது. நைட்ரைட் என்ற சோதனை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் என்றால் நிம்மதி அடைய வேண்டாம். பாக்டீரியா நைட்ரைட் உண்டாக்கச் சிறுநீர் சுமார் நான்கு மணி நேரம் சிறுநீர்ப்பைக்குள் தங்க வேண்டும். கைக்குழந்தை அவ்வளவு நேரம் தாங்காது, அடிக்கடி கழித்துவிடும். எபிதீலியல் செல்கள் (தோலின் மேற்பரப்பு செல்கள்) ஏராளம் என்று எழுதியிருந்தால் மாதிரி தோலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது.

கடைசித் தீர்ப்பு கல்ச்சர்தான். அதில் ஒரே வகைக் கிருமி போதிய எண்ணிக்கையில் வளர்ந்திருக்க வேண்டும். குழாயில் எடுத்த மாதிரிக்கு மில்லிக்கு 50,000 கிருமிகள் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2011-இல் வைத்த அளவு. இரண்டு மூன்று கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கூடவே எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்ற பட்டியலும் வரும். நம் ஊரில் வாய்வழி ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு ஈ.கோலை அடங்க மறுக்கும் நிலையில், அந்தப் பட்டியல் இல்லாமல் மருந்து கொடுப்பது குருட்டாம்போக்கு.

கல்ச்சர் வர இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை மருந்து கொடுக்காமல் இருப்பதா?

இல்லை. மாதிரியை எடுத்த அடுத்த நிமிடமே மருந்தைத் தொடங்கலாம். வரிசைதான் முக்கியம்: முதலில் சிறுநீர், பிறகு ஆன்டிபயாடிக். வரிசை மாறினால் என்ன ஆகும்? ஒரே ஒரு வேளை மருந்து கல்ச்சரில் கிருமி வளராமல் தடுத்துவிடும். ஆனால் சிறுநீரகத்தில் உள்ள தொற்றை ஒழித்திருக்காது. நோய் இருக்கும், அதற்கான சாட்சி போய்விடும்.

கடையில் "காய்ச்சலுக்கு ஒரு ஆன்டிபயாடிக் சிரப்" வாங்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டு வரும் குழந்தைகளை வைத்து மருத்துவர்கள் தடுமாறுவது இதனால்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் அடிக்கப் போவதில்லை. பாட்டிலைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

தாமதமும் கேடுதான். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரம் அல்லது அதற்குமேல் கழித்துச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் புதிய வடு விழும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு "மூன்று நாள் பார்ப்போம்" என்று சொல்லும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். எட்டு மாதக் குழந்தைக்கு அது பொருந்தாது.

சி.ஆர்.பி. நார்மல் என்று வந்திருக்கிறது. தொற்று இல்லை என்றுதானே அர்த்தம்?

எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அது ஏறத் தொற்று தொடங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். காய்ச்சல் வந்த முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்தது நார்மலாக இருப்பதில் வியப்பில்லை. நல்ல மருத்துவர்கள் மறுநாள் இன்னொரு தடவை பார்ப்பது அதனால்தான். பில்லைக் கூட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம்.

முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடாதா?

இந்தப் பயத்தால் கையெழுத்துப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுபவர்கள் உண்டு. ஊசி போடும் இடம் இடுப்பெலும்பின் மட்டத்தில், தண்டுவடம் முடிந்த பிறகு கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டும் உள்ளன. ஊசி வந்தால் அவை விலகிக்கொள்ளும். கால் விளங்காமல் போனது என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி மூளைக்காய்ச்சல்தான்; ஊசியின் மேல் பழி விழுந்திருக்கும். குழந்தைக்கு மூச்சோ ரத்த ஓட்டமோ நிலையில்லாமல் இருந்தால் மருத்துவரே தள்ளிப்போடுவார். மருந்தை மட்டும் தள்ளிப்போட மாட்டார்.

முதல் மாதத்தில் இந்தப் பரிசோதனை ஏன் தேவை என்றால், ரத்தத்தில் உள்ள கிருமி அந்த வயதில் எளிதில் மூளை உறைக்குள் நுழைந்துவிடும். நுழைந்திருந்தால் மருந்தின் அளவும் நாட்களும் மாறும்.

சிறுநீர்த் தொற்று உறுதியாகிவிட்டது. சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சரியான மருந்து தொடங்கினால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். ஏழு முதல் பத்து நாள் மருந்தோடு முடியும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஆரம்பத்தில் ஊசி தேவைப்படும். முதல் தொற்றுக்குப் பிறகு நிலையான வடு விழுவது ஏறத்தாழ ஏழில் ஒரு குழந்தைக்கு. அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன்கள்.

அல்ட்ராசவுண்ட் எல்லோருக்கும் எடுக்கலாம், வலியில்லை, கதிர்வீச்சில்லை. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, சிறுநீர்க்குழாய் விரிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறதா என்று அது சொல்லும். கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகத்தில் நீர் கோத்திருக்கிறது என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுத்துவாருங்கள். பிரசவ அமளியில் அந்த ஒரு வரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எம்.சி.யூ. என்பது எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குழாய் வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பது. சிறுநீர் கீழே போவதற்குப் பதில் சிறுநீரகத்தை நோக்கி மேலே திரும்புகிறதா என்று காட்டும். காய்ச்சலோடு முதல் தொற்று வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் பின்னோட்டம் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். கீழ்த் தரங்கள் வளர வளரத் தாமே சரியாகின்றன. முன்பெல்லாம் ஒரு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் எம்.சி.யூ. எடுத்தார்கள், இப்போது அல்ட்ராசவுண்டில் கோளாறு தெரிந்தாலோ, தொற்று திரும்ப வந்தாலோ, ஈ.கோலை அல்லாத கிருமி வளர்ந்தாலோதான். வடுவைக் காட்டும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனைத் தொற்று ஆறி நான்கு முதல் ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் ஆறப்போகும் வீக்கத்தையும் வடுவையும் பிரிக்க முடியாது.

ஆண் குழந்தை என்றால் ஒரு கேள்விக்கு வீட்டிலேயே விடை பார்க்கலாம். சிறுநீர் வில்லாகப் பீய்ச்சுகிறதா, சொட்டுச் சொட்டாக வடிகிறதா? சொட்டு மட்டும் என்றால் சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே சவ்வு அடைப்பு இருக்கலாம். ஆண்களுக்கு மட்டும் வரும் இந்த அடைப்பு, கருவிலிருந்தே இரண்டு சிறுநீரகங்களையும் நெரிக்கும். இதை நாள் கடத்தாமல் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

பின்னோட்டம் இருப்பதால் தினமும் ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

அமெரிக்காவில் பின்னோட்டம் உள்ள 607 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. தினசரி மருந்து, திரும்ப வரும் தொற்றைப் பாதியாகக் குறைத்தது, வடுவைக் குறைக்கவில்லை. தொற்று திரும்பியபோது அந்த மருந்துக்கு அடங்காத கிருமி அதிகம் இருந்தது. ஆக, உயர்தரப் பின்னோட்டத்துக்கும், அடிக்கடி தொற்று வருபவர்களுக்கும் கொடுப்பதில் பொருளுண்டு. முதல் தரத்துக்கும் இரண்டாம் தரத்துக்கும் வருடக்கணக்கில் கொடுப்பது தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்வதில் பாதி வேலை முடிந்துவிடும் குழந்தைகளும் உண்டு. இது யாருக்கும் கவர்ச்சியாகத் தெரிவதில்லை.

கிரியேட்டினின் 0.9. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றே போட்டிருக்கிறது. சரிதானே?

சரியில்லாமல் இருக்கலாம். ஆய்வகங்கள் பல, பெரியவர்களுக்கான அளவையே எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சடித்துவிடுகின்றன: டெசிலிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிகிராம் வரை. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். குழந்தைக்குத் தசை ஏது? ஒரு மாதம் தாண்டிய குழந்தைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் 0.2 முதல் 0.4 வரை இருப்பதே இயல்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுத்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் தோராயமாகக் கிடைக்கும். இரண்டு வயதுக் குழந்தை, உயரம் 85 சென்டிமீட்டர், கிரியேட்டினின் 0.3 என்றால் விடை 117, நல்ல சிறுநீரகம். அதே குழந்தைக்கு 0.9 என்றால் விடை 39. மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்றுபோயிருக்கிறது; தாளில் "நார்மல்" என்று இருக்கிறது. தடித்த எழுத்தில் அச்சடிக்கவில்லை என்பதற்காக யார் கண்ணிலும் படாமல் கடந்துபோன எண்களில் இதுதான் முதலிடம் பெறும் என்று நினைக்கிறேன். ஒரு வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. ஆனாலும் எட்டு மாதக் குழந்தைக்கு 0.9 என்றால் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் தாயினுடையது. அதில் 0.9 வந்தால் பதற வேண்டியதில்லை; அடுத்தடுத்த நாட்களில் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்குள் 0.3 ஏறினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ அது சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வரையறை.

எவ்வளவு சிறுநீர் போனால் சரி?

கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லியாவது போக வேண்டும். ஐந்து கிலோக் குழந்தை என்றால் நாளுக்கு 120 மில்லி, குறைந்தபட்சம். யாரும் வீட்டில் அளக்க மாட்டார்கள். ஆகவே முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரமாகத் துணி நனையவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் டயப்பர்கள் ஈரத்தை மறைத்துவிடும். காய்ச்சல் உள்ள நாட்களில் பழைய பருத்தித் துணிக்கே திரும்புவது உத்தமம்.

ரத்தபேதி வந்து நின்றுவிட்டது. இப்போது குழந்தை வெளுத்துப்போய், சிறுநீரும் குறைந்துவிட்டது. ஏன்?

இது அவசரம். சிலவகை ஈ.கோலையும் ஷிகெல்லாவும் உமிழும் நச்சு, பேதி தொடங்கி ஐந்து முதல் பத்து நாளில் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கும். சிவப்பணுக்கள் சிதையும், தட்டணுக்கள் குறையும், சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்யும். பேதி நின்றுவிட்டதே என்று வீட்டார் மகிழும் வேளையில்தான் இது தலைகாட்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1978-இல், தென்னிந்தியக் குழந்தைகளிடம் ஷிகெல்லா வயிற்றுக்கடுப்பைத் தொடர்ந்து வந்த இந்தப் பாதிப்பைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் 1993-இல் சரியாக வேகாத ஹாம்பர்கர் இறைச்சியால் பரவிய தொற்றில் நான்கு குழந்தைகள் இறந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும்போது தெரியும் உடைந்த சிவப்பணுக்கள், கிரியேட்டினின் ஆகிய மூன்றும் போதும், சந்தேகத்தை உறுதிப்படுத்த. சிறு குழந்தைக்கு வயிற்று வழி டயாலிசிஸ் செய்து நாட்களைக் கடத்தினால் பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது.

சாதாரணச் சளிதான் இருந்தது. மருந்து கொடுத்தோம். இப்போது சிறுநீர் நின்றுவிட்டது. மருந்தால் இருக்குமா?

இருக்கலாம், அந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். 2025 இலையுதிர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படித்தான் இறந்தார்கள். முதலில் ஏதோ தொற்றுநோய் என்ற கோணத்திலும் தேடினார்கள். கடைசியில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 2022-இல் குழந்தைகள் இறந்ததும் இதே கதை.

நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மருந்து கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023-லேயே அறிவித்துவிட்டார். இருமல் சிரப்பால் கைக்குழந்தைக்கு எந்தப் பலனும் இல்லை. நச்சு இல்லாத பாட்டிலுக்கும் இது பொருந்தும்.

கலப்படம் இல்லாத மருந்துகளிலும் கவனம் தேவை. வாந்தி பேதியில் நீர்ச்சத்து இழந்த குழந்தைக்கு மெஃபெனமிக் அமிலமோ ஐபுபுரூஃபெனோ கொடுத்தால், ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகத்துக்கு இன்னும் குறையும். டெங்குவிலும் இவை கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில், போதும்.

ஆண் குழந்தைக்கு முன்தோல் பின்னால் வரவில்லை. அதனால்தான் தொற்றா?

இந்த வயதில் வராமல் இருப்பதே இயற்கை. எண்ணெய் தடவி இழுக்காதீர்கள். புண்ணாகி, ஆறும்போது சுருங்கி, நிஜமான பிரச்சினையை உண்டாக்கும். சுன்னத்துச் செய்த குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு தொற்று வந்ததற்காக எல்லோருக்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை. பின்னோட்டம் உள்ளவர்களுக்கும் தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் அது தேவையா என்று மருத்துவர் பேசுவார்.

எல்லாம் குணமாகிவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

அடுத்த முறை காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் முதல் நாளிலேயே, மருந்துக்கு முன், சிறுநீர் கொடுங்கள். பழைய கல்ச்சர் தாள்களையும் ஸ்கேன் படங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஊர் மாறும்போது அந்தக் கோப்பும் பெட்டியில் ஏறட்டும். காய்ச்சல் இல்லாதபோது "கிருமி போய்விட்டதா" என்று மாதாமாதம் கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவு செய்யாத கிருமியைக் கண்டுபிடித்து அதற்கும் மருந்து கொடுப்பதில்தான் அது முடியும்.

டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில் வடு இருப்பதாகச் சொன்னால், வருடம் ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். குழந்தைக்கான சிறிய கைப்பட்டையைக் கொண்டு அழுத்தம் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் எண் குறைவாகக் காட்டும். உங்கள் பக்கத்துக் கிளினிக்கில் சிறிய பட்டை இல்லையென்றால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள்; சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளின் சிறுநீரக நோய்க்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.